பல் பிடுங்க மரத்துப்போகும் ஊசி போட்டதால் சிறுநீர் குறையுமா? அப்பாவுக்கு வயது 64

தறிவீட்டுப் பையன் | புதன், இரவு 9.40

வணக்கம். குடியாத்தத்தில் இருந்து எழுதுகிறேன். நேற்று மதியம் அப்பாவுக்குக் கீழ்க்கடைவாயில் இரண்டு பல் பிடுங்கினார்கள், வேலூரில் ஒரு கிளினிக்கில். தாடை மரத்துப்போக ஊசி போட்டு அரை மணி நேரத்தில் வேலை முடிந்தது. ரத்தம் நின்றுவிட்டது, வலியும் பெரிதாக இல்லை.

பிரச்சினை வேறு. நேற்று சாயங்காலத்தில் இருந்து இப்போது வரை மொத்தமே மூன்று தடவைதான் ஒண்ணுக்குப் போயிருக்கிறார். ஒவ்வொரு தடவையும் ஒரு டம்ளர்கூட தேறாது. நிறம் டிகாஷன் மாதிரி இருக்கிறதாம். எதிர்வீட்டுத் தாத்தா வந்து பார்த்துவிட்டு, "மரத்துப்போற ஊசி கிட்னியையும் மரத்துப்போக வச்சிடும்டா, எங்க மாமனுக்கு இப்டித்தான் ஆச்சு, கடைசில டியூப் போட்டாங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அதில் இருந்து அம்மாவுக்கு உதறல்.

கிளினிக்குக்கு போன் போட்டேன். "ஊசிக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல சார், வீக்கம் இருந்தா வாங்க" என்று வைத்துவிட்டார்கள். சரி, சம்பந்தமில்லை என்றே இருக்கட்டும், அப்புறம் எதனால்? அப்பாவுக்கு சர்க்கரை, பிபி இரண்டும் உண்டு. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஆம்பூர் தட்டு | புதன், இரவு 9.52

கத்திரி வெயிலில் எனக்கே மூன்று தடவைதான். ஊசி போடாமலேயே.

மூலிகை முற்றம் | புதன், இரவு 10.05

பயப்படாதீர்கள் தம்பி. வாழைத்தண்டுச் சாறு ஒரு டம்ளர், சிறுபீளையும் நெருஞ்சிலும் போட்ட கஷாயம் ஒரு வேளை, காலையில் இரண்டு இளநீர். நீர் தாராளமாகப் பிரியும். ஆங்கில மருந்தின் சூடுதான் காரணம், வேறொன்றும் இல்லை.

தியேட்டர் சிஸ்டர் | புதன், இரவு 10.11

தம்பி, கஷாயம் ஒரு பக்கம் இருக்கட்டும், இளநீரை இப்போதைக்கு நிறுத்தி வையுங்கள். காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

நான் ஆபரேஷன் தியேட்டரில் 27 வருஷம் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவள். சினிமா தியேட்டர் என்று நினைத்துக்கொண்டு ஏற்கெனவே இரண்டு பேர் டிக்கெட் கேட்டாகிவிட்டது. சில கேள்விகள் கேட்கிறேன், அப்பாவிடம் கேட்டு உடனே எழுதுங்கள்.

தொப்புளுக்குக் கீழே கையை வைத்து மெதுவாக அமுக்கிப் பாருங்கள். கல்லு மாதிரி, இளநீர்க்காய் வைத்தது மாதிரி மேடாக இருக்கிறதா, தட்டையாக இருக்கிறதா? ஒண்ணுக்கு முட்டிக்கொண்டு வந்தும் போக முடியவில்லையா, இல்லை போகணும் என்ற எண்ணமே வரவில்லையா? நேற்றில் இருந்து எவ்வளவு தண்ணீர் குடித்தார்? என்னென்ன மாத்திரை கொடுத்தார்கள், பழைய மாத்திரைகள் என்ன? ஸ்ட்ரிப்பைப் பார்த்துப் பேரை அப்படியே எழுதுங்கள். "வெள்ளை மாத்திரை" என்று எழுதினால் எனக்கு ஒன்றும் புரியாது.

பாலாற்று மணல் | புதன், இரவு 10.20

எதிர்வீட்டுத் தாத்தாவைக் கிண்டல் பண்ணாதீர்கள், எனக்கு நடந்திருக்கிறது. நான்கு வருஷத்துக்கு முன்னால் குடலிறக்க ஆபரேஷன். ஆஸ்பத்திரி பேர் வேண்டாம். முதுகில் ஊசி போட்டார்கள், இடுப்புக்குக் கீழே யாருடைய கால் என்றே தெரியவில்லை. காலை 9 மணிக்கு ஆபரேஷன். மதியம் 2 மணிக்குக் கால் விரல் அசைந்தது, நானும் சரியாகிவிட்டது என்று சந்தோஷப்பட்டேன். ட்ரிப்ஸ் மட்டும் விடாமல் ஏறிக்கொண்டே இருந்தது.

5 மணிக்கு அடிவயிறு இழுத்துப் பிடித்தது. பெட்பேனை வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் ஒரு சொட்டு வரவில்லை. மச்சான் பாத்ரூம் குழாயைத் திறந்துவிட்டு "சத்தம் கேட்டா வந்துடும் மாமா" என்கிறான். பக்கத்துப் படுக்கைக்காரர் வீட்டு அம்மா "உஸ்ஸ்" என்று குழந்தைக்குச் சொல்கிற மாதிரி எனக்குச் சொன்னார். 51 வயதில்! வார்டில் இருந்தவர்கள் வயிறு குலுங்கச் சிரித்தார்கள், என்னால் சிரிக்கவும் முடியவில்லை, சிரித்தால் தையல் இழுக்கும். வார்டில் சொன்னால் "வரும் வரும், நடந்து பாருங்க" என்று ஒரே பதில். இரவு 8 மணிக்கு டூட்டி மாறி ஒரு சின்னப் பெண் வந்தாள். வயிற்றைத் தொட்டுப் பார்த்த மறு நிமிஷம் ஓடிப்போய் டியூப்பை எடுத்துக்கொண்டு வந்தாள். பையில் இறங்கியது 900 மில்லி. பிள்ளை பெற்றவர்கள் படுகிற நிம்மதி எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் கொஞ்சம் புரிந்தது.

அதனால் ஊசிக்கும் ஒண்ணுக்குக்கும் சம்பந்தமே இல்லை என்று யாரும் அடித்துச் சொல்லாதீர்கள்.

மயக்க வார்டு | புதன், இரவு 10.48

மயக்க மருந்துத் துறை டாக்டர் நான், டூட்டி முடிந்து இப்போதுதான் பார்க்கிறேன். பாலாற்று மணல் அண்ணன் சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை. ஆனால் அவருக்கு நடந்தது வேறு, இந்தத் தம்பியின் அப்பாவுக்கு நடப்பது வேறு.

நம்ம ஊர்க் கணக்கில் சொல்கிறேன். பாலாறு வறண்டு கிடப்பது ஒன்று. காவேரிப்பாக்கம் ஏரி நிரம்பித் தளும்பியும் மதகு திறக்காமல் கிடப்பது இன்னொன்று. இரண்டிலும் வாய்க்காலில் தண்ணீர் வராது. சிறுநீரகம் நீரை உற்பத்தி செய்யாமல் குறைவது முதல் வகை. உற்பத்தியாகி, பையில் நிறைந்து, வெளியே வராமல் நிற்பது இரண்டாவது. வீட்டில் எல்லோரும் "ஒண்ணுக்கு வர்ல" என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுவார்கள், வைத்தியம் மட்டும் நேர் எதிர். மதகு திறக்காதவருக்குப் போய் மேலும் மேலும் தண்ணீர் கொடுத்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள்.

அண்ணனுக்கு நடந்தது மதகுப் பிரச்சினை. முதுகில் போடுவது பெரும்பாலும் பியூபிவகெய்ன், நீண்ட நேரம் நிற்கிற மருந்து. மரத்துப்போகும் மருந்துகள் எல்லாமே நரம்புக்குள் சோடியம் நுழையும் வாசலை அடைத்துச் செய்தியை நிறுத்துபவை. சிறுநீர்ப்பை நிறைந்துவிட்டது என்று மேலே சொல்லும் நரம்பும், "சுருங்கு" என்று கீழே உத்தரவு கொண்டுவரும் நரம்பும் முதுகுத்தண்டின் அடிப்பகுதியில் எஸ்2, எஸ்3, எஸ்4 என்ற இடங்களில் இருந்து வருகின்றன. ஊசியின் பிடி மேலிருந்து கீழாக விலகும், அதனால் இவை கடைசியில்தான் விழிக்கும். கால் அசைந்த பிறகும் பை தூங்கிக்கொண்டிருப்பது அதனால்தான். அந்த நேரத்தில் ட்ரிப்ஸ் வேறு ஏறினால் பை அளவுக்கு மேல் விரிந்துவிடும். சாதாரணமாக 400 முதல் 600 மில்லி கொள்ளும் பை அது. அதற்கு மேல் ரொம்ப நேரம் இழுத்துப் பிடித்தால் அதன் தசை சோர்ந்து, நரம்பு விழித்த பிறகும் சுருங்க மறுக்கும். 50 வயது தாண்டிய ஆண்கள், சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் புராஸ்டேட் சுரப்பி வீங்கியவர்கள், குடலிறக்கம், மூலம் ஆபரேஷன் செய்துகொண்டவர்கள், முதுகு ஊசியோடு மார்ஃபின் சேர்த்துப் போட்டவர்கள், இவர்களுக்கெல்லாம் இது வர வாய்ப்பு அதிகம். அதே குடலிறக்கத்தை அந்த இடத்தில் மட்டும் மரத்துப்போக ஊசி போட்டுச் செய்தால் இந்தத் தொல்லை குறைவு.

முதுகு ஊசி போட்டதும் ரத்த அழுத்தம் இறங்குவதும் உண்டு. ரொம்ப இறங்கினால் சிறுநீரகத்துக்கு ரத்தம் குறைந்து, உற்பத்தியே கொஞ்ச நேரம் மட்டுப்படும். தியேட்டரில் இரண்டு மூன்று நிமிஷத்துக்கு ஒரு தடவை பிபி பார்ப்பதற்கு அதுவும் ஒரு காரணம். அழுத்தத்தைத் தூக்கிவிட்டால் சிறுநீரகம் திரும்பிக்கொள்ளும்.

இப்போது பல். பல்லுக்குப் போடுவது பெரும்பாலும் 2 சதவீத லிக்னோகெய்ன், அதில் துளி அட்ரினலின். 2 சதவீதம் என்றால் ஒரு மில்லிக்கு 20 மில்லிகிராம். இரண்டு பல்லுக்கு 4 மில்லி போட்டிருந்தாலும் 80 மில்லிகிராம்தான். அட்ரினலின் கலந்திருந்தால் கிலோவுக்கு 7 மில்லிகிராம் என்பது உச்ச வரம்பு, 60 கிலோ ஆளுக்கு 420. அந்த மருந்தை உடைப்பது கல்லீரல், உடையாமல் சிறுநீரில் போவது பத்து சதவீதத்துக்கும் குறைவு. இரண்டு மணி நேரத்துக்குள் ரத்தத்தில் பாதியாகிவிடும். நேற்று மதியம் போட்டதில் இன்று இரவு மிச்சம் என்று சொல்ல ஒன்றும் இருக்காது. தாடை நரம்புக்கும் சிறுநீர்ப்பைக்கும் கம்பி இணைப்பும் கிடையாது. அளவு மீறிப் போனால் உதட்டைச் சுற்றிக் கூச்சம், காதில் ரீங்காரம், வலிப்பு, இதயத்துடிப்பில் கோளாறு என்று வரும். கிளினிக்கில் சொன்னது சரிதான், பாதியிலேயே போனை வைத்ததுதான் தப்பு.

வாலாஜா வாத்தியார் | புதன், இரவு 10.57

ரொம்ப நன்றாகச் சொன்னீர்கள் டாக்டர். ரிட்டயர்டு அறிவியல் வாத்தியார் என்பதால் ஒரு துணுக்கு. முதன்முதலில் கண்ணை மரத்துப்போகச் செய்து அறுவை செய்தது கார்ல் கொல்லர், 1884-ல், கொக்கெய்னை வைத்து. 1898-ல் ஜெர்மனியில் ஆகஸ்ட் பியர் அதையே முதுகுத்தண்டில் செலுத்தினார். தனக்கும் உதவியாளருக்கும் போட்டுப் பார்த்துவிட்டு, இரண்டு பேரும் தலைவலியோடு கிடந்தார்கள். லிக்னோகெய்ன் 1943-ல்தான் ஸ்வீடனில் வந்தது. நீர் பிரிந்ததா இல்லையா என்று பியர் எழுதி வைத்தாரா தெரியவில்லை!

ஆம்பூர் தட்டு | புதன், இரவு 10.59

சார், தம்பி அப்பாவைப் பற்றிக் கேட்டார், நீங்கள் ஜெர்மனி வரைக்கும் போய்விட்டீர்கள்.

தறிவீட்டுப் பையன் | புதன், இரவு 11.06

எல்லோருக்கும் நன்றி. அக்கா கேட்டதற்குப் பதில். வயிறு தட்டையாகத்தான் இருக்கிறது, அமுக்கினால் வலி இல்லை. போகணும் என்ற எண்ணமே வரவில்லை என்கிறார்.

மாத்திரை: கிளினிக்கில் கொடுத்தது அமாக்ஸிசிலின் மூன்று வேளை, அசிக்ளோஃபினாக்கும் பாரசிட்டமாலும் சேர்ந்தது இரண்டு வேளை. அது போதவில்லை என்று நேற்று இரவு மெடிக்கலில் டைக்ளோஃபினாக் தனியாக வாங்கி இரண்டு போட்டிருக்கிறார், எங்களுக்கு இப்போதுதான் சொல்கிறார். பழையது சர்க்கரைக்கு மெட்ஃபார்மின், அப்புறம் பிபிக்கு டெல்மிசார்டனும் ஹைட்ரோகுளோரோதையசைடும் சேர்ந்த மாத்திரை.

தண்ணீர் விஷயத்தைக் கேட்டால் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது. நேற்று மதியத்தில் இருந்து அவர் தண்ணீரே குடிக்கவில்லை! மாத்திரை விழுங்க ஒரு வாய், ராத்திரி அரை டம்ளர் பால், இன்றைக்கு இரண்டு கரண்டி கஞ்சி, அவ்வளவுதான். ஏன் என்று கேட்டேன். "டாக்டரம்மா ஒரு நாளைக்கு வாயில தண்ணி வச்சிக் கொப்பளிக்கக் கூடாதுன்னாங்க, அதான் தண்ணியே வேணாம்னு உட்டுட்டேன்" என்கிறார். கொப்பளிக்காதே என்று சொன்னதைக் குடிக்காதே என்று எடுத்துக்கொண்டிருக்கிறார். ஐஸ்கிரீம் சாப்பிடச் சொன்னார்களாம், சர்க்கரை என்று அதுவும் தொடவில்லை. அதற்கு முன்னால் காலை 11 மணிக்குக் குடியாத்தம் பஸ்ஸில் ஜன்னலோரம் ஒன்றரை மணி நேரம் வெந்துகொண்டு போனதும் உண்டு.

தியேட்டர் சிஸ்டர் | புதன், இரவு 11.15

எனக்கு இப்போது படம் தெரிகிறது. ஊசியை விடுங்கள், ஆள் காய்ந்து கிடக்கிறார்.

தம்பி, உடம்பில் நீர் குறையும்போது சிறுநீரகம் சில ரசாயனங்களைச் சுரந்து தன் ரத்தக்குழாயைத் திறந்து வைத்துக்கொள்ளும். வலி மாத்திரை அந்தச் சுரப்பையே நிறுத்திவிடும். டெல்மிசார்டன் இன்னொரு பக்கம் அழுத்தத்தைத் தளர்த்தும். கூட இருக்கும் ஹைட்ரோகுளோரோதையசைடு என்ற நீர் மாத்திரை, இருக்கிற கொஞ்ச நீரையும் வெளியே தள்ளும். மூன்றும் சேர்ந்து காய்ந்த உடம்பில் விழுந்தால் சிறுநீரகம் கையை விரித்துவிடும். தனித்தனியாக மூன்றுமே நல்ல மாத்திரைகள்தான், ஒன்றாகச் சேரும்போதுதான் வம்பு. அப்பா போட்டதோ ஒரே இனத்தில் இரண்டு, அசிக்ளோஃபினாக்கும் டைக்ளோஃபினாக்கும் அண்ணன் தம்பி.

இப்போது செய்ய வேண்டியது. வலி மாத்திரை இரண்டையும் இனி தொடக் கூடாது, வலித்தால் வெறும் பாரசிட்டமால் போதும். தண்ணீரைக் கொப்பளிக்காமல், ஸ்ட்ரா இல்லாமல், டம்ளரில் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கச் சொல்லுங்கள். உறிஞ்சினால் பல் குழியில் உறைந்த ரத்தக்கட்டி பெயர்ந்துவிடும். பிபி, சர்க்கரை மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள், காலை வேளையைப் போடுவதற்கு முன்னால் அவருடைய டாக்டரைப் பாருங்கள். ரத்தத்தில் யூரியா, கிரியாட்டினின் (சிறுநீரகம் மட்டுப்பட்டால் ஏறும் கழிவுகள்), சோடியம், பொட்டாசியம் கட்டாயம் பார்க்க வேண்டும். இளநீர் வேண்டாம் என்றது இதற்குத்தான். இளநீரில் பொட்டாசியம் ஜாஸ்தி, சிறுநீரகம் மட்டுப்பட்ட நேரத்தில், அதுவும் டெல்மிசார்டன் போடுபவருக்கு, அது ஏறினால் இதயத்துக்கு ஆபத்து. ராத்திரிக்குள் மூச்சு வாங்கினாலோ, குழறிப் பேசினாலோ, ஆறு மணி நேரம் சுத்தமாக நீர் போகவில்லை என்றாலோ விடியட்டும் என்று காத்திருக்காமல் அடுக்கம்பாறை அரசு ஆஸ்பத்திரியோ எதுவோ கிட்ட இருக்கிற கேஷுவாலிட்டிக்குக் கூட்டிப் போய்விடுங்கள்.

மூலிகை முற்றம் | புதன், இரவு 11.24

இளநீரையே விஷம் ஆக்கிவிட்டீர்களே மேடம். நம் முன்னோர்கள் குடிக்காத இளநீரா?

கொணவட்டம் கொக்கு | புதன், இரவு 11.31

முன்னோர்கள் டெல்மிசார்டன் போட்டுக்கொண்டு குடித்தார்களா ஐயா? இந்தியாவிலேயே முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று ஆபரேஷன் 1971-ல் நம்ம வேலூர் சிஎம்சி ஆஸ்பத்திரியில்தான் நடந்தது. அந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு எதிர்வீட்டுத் தாத்தா ஆராய்ச்சியையும் இளநீர் ஆராய்ச்சியையும் நடத்துகிறோம். ஆளை டாக்டரிடம் காட்டச் சொல்லுங்கள், முடிந்தது.

பாலாற்று மணல் | புதன், இரவு 11.38

டாக்டர், ஒரு சந்தேகம். அன்றைக்கு எனக்கு டியூப் போடுவதற்கு முன்னால் அந்தப் பெண் குளுகுளுவென்று ஏதோ ஜெல்லி போட்டாள், அதற்குப் பிறகு எரிச்சலே தெரியவில்லை. அது என்ன?

மயக்க வார்டு | புதன், இரவு 11.44

லிக்னோகெய்ன் ஜெல்லி அண்ணா, 2 சதவீதம். நீரை நிறுத்தியதும் மரத்துப்போகும் மருந்து, நீரை இறக்க உதவியதும் மரத்துப்போகும் மருந்து. ஒரே சாதி, போட்ட இடம்தான் வேறு.

தறிவீட்டுப் பையன் | வியாழன், மதியம் 1.20

ராத்திரி நான்கு டம்ளர் தண்ணீர் உள்ளே போயிற்று. 2 மணிக்கு ஒரு தடவை, 5 மணிக்கு ஒரு தடவை போனார். அம்மா பழைய அளவு ஜாடியைக் கொடுத்து அதில்தான் போக வேண்டும் என்று கண்டிஷன் போட்டுவிட்டார். இரண்டும் சேர்த்து 260 மில்லி. காலையில் டாக்டர் பார்த்து ரத்தம் எடுத்தார்கள். கிரியாட்டினின் 1.9, மூன்று மாசத்துக்கு முன்னால் 1.1 இருந்தது. பொட்டாசியம் 5.4. அக்கா, அந்த எண்ணைப் பார்த்ததும் இளநீர் ஞாபகம்தான் வந்தது. எங்கள் வாசலில் மூன்று காய் சீவ ரெடியாக இருந்தது.

அட்மிஷன் போட்டு ஒரு நாள் ட்ரிப்ஸ் ஏற்றுகிறார்கள். நீர் மாத்திரை சேர்ந்த பிபி மாத்திரையும் மெட்ஃபார்மினும் இப்போதைக்கு நிறுத்தம். ஸ்கேனில் சிறுநீர்ப்பை காலி, அடைப்பு இல்லை.

எதிர்வீட்டுத் தாத்தாவையும் விசாரித்தேன். அவர் மாமனுக்கு மூல ஆபரேஷனாம், முதுகில்தான் ஊசியாம். இரண்டு நாள் டியூப் இருந்து எடுத்திருக்கிறார்கள். அந்த மாமன் இப்போது 83 வயதில் பேர்ணாம்பட்டில் சைக்கிள் ஓட்டுகிறார்.

ஆம்பூர் தட்டு | வியாழன், மதியம் 1.26

மாமனுக்கு கிட்னி மரத்துப் போகவில்லை, மாப்பிள்ளைக்குத்தான் ஞாபகம் மரத்துப்போச்சு.

தியேட்டர் சிஸ்டர் | வியாழன், மதியம் 2.02

1.9-ல் பிடித்தது நல்லதாயிற்று. வீட்டுக்கு வந்த பிறகும் ஒரு வாரம் அந்த ஜாடியை விடாதீர்கள். 60 கிலோ ஆளுக்கு மணிக்கு 30 மில்லியாவது வர வேண்டும், அதாவது நாளைக்கு 700-க்குக் குறையக் கூடாது. அப்புறம், சளி பிடித்தால் மெடிக்கலில் கேட்டு வாங்குகிற மாத்திரையிலும் கவனம் வேண்டும். சிலதில் மூக்கடைப்புக்கு ஃபீனைலெஃப்ரினும் தும்மலுக்கு குளோர்ஃபெனிரமினும் சேர்த்திருப்பார்கள். புராஸ்டேட் வயசில் அது மதகை அடைக்கும்.

தறிவீட்டுப் பையன் | திங்கள், காலை 8.15

கிரியாட்டினின் 1.2. வீட்டுக்கு வந்துவிட்டார். நேற்று ஜாடிக் கணக்கு 1,450 மில்லி, தினசரிக் காலண்டர் தாளில் பென்சிலால் அவரே எழுதி வைக்கிறார்.

கிளினிக்குக்கு நேரில் போய் விவரம் சொன்னேன். அந்த டாக்டரம்மா கேட்டுவிட்டு, பல் எடுத்தவர்களுக்குக் கொடுக்கும் துண்டுச் சீட்டில் "கொப்பளிக்கக் கூடாது" என்பதற்குக் கீழே "தண்ணீர் நிறையக் குடிக்கலாம்" என்று பேனாவால் ஒரு வரி சேர்த்தார். அடுத்த தடவை அச்சடிக்கும்போது சேர்க்கச் சொல்லியிருக்கிறார்.

மேல்வரிசையில் இன்னொரு பல் ஆடுகிறது, அடுத்த மாசம் எடுக்க வேண்டும். ஊசிக்கு பயப்படுவார் என்று நினைத்தோம். நேற்று ராத்திரி அவரே கூப்பிட்டு, "ஊசி ரெண்டாப் போடச் சொல்லுடா, மாத்திரைதான் வேணாம்" என்கிறார்.